நீட்டிய கை
ஆபரேஷன் தியேட்டரில் டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுக்கும் நர்ஸ் நான். ரத்தக்குழாயைக் கவ்வி அடைக்கும் கிளாம்ப், தோலுக்குப் பல் வைத்த இடுக்கி, குடலுக்குப் பல்லில்லாத இடுக்கி, எல்லாம் அத்துப்படி. டாக்டர் நோயாளியின் வயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நீட்டுவார். கைக்குத் தெரிகிற மாதிரி, வேண்டியதைப் பட்டென்று உள்ளங்கையில் அடித்து வைப்பேன். என்னிடம் யாரும் வாயைத் திறந்து கேட்கவே வேண்டாம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வேன்.

கல்யாண நாளன்று பூங்காவில் நடந்தோம். லேசாகத் தூறியது. வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தபடியே என் பக்கம் கையை நீட்டினார். மகா கெட்டிக்காரியான நான், மடக்கிய குடையை அவர் உள்ளங்கையில் ஓங்கி வைத்தேன்.

"ஐயோ!" என்று கையை உதறினார்.

"குடைதானே கேட்டீங்க?"

"உன் கையைக் கேட்டேன்."