மிஸ்ஸி எண்ணிய தொண்ணூற்றாறு

ஊசி இசைத்தட்டில் இறங்கியதும் ஒரு சரசரப்பு வரும்... எண்ணெயில் கடுகு வெடிக்கத் தொடங்குவதற்கு முன் வருமே, அதுபோல. எங்கள் வீட்டில் பாட்டுக்கு முன் அதுதான் கேட்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். என் கணவர் வார நாட்களில் துறைமுகத்தில் கிளார்க், வார இறுதியில் கல்யாண வீடுகளில் டிஜே. நாற்பதை நெருங்கும் வயதில் அவருக்கு ஹிப்ஹாப் பைத்தியம் பிடித்தது.

கான்வென்டில் படித்த எனக்கு அதில் வரும் கெட்ட வார்த்தைகள் ஆகாது.

"இந்த அசிங்கமெல்லாம் என் வீட்டுல வேணாம்."

"பாடுறவன விடு மிஸ்ஸி... கீழ ஓடுற டிரம்ம மட்டும் கேளு லா."

நான் அரசாங்க மருத்துவமனையில் நர்ஸ். எங்கள் ஊரில் நர்ஸ் என்றாலே மிஸ்ஸிதான். அவரும் கேலிக்காக அப்படியே அழைப்பார்.

கேட்டேன். நாடித் துடிப்பு மாதிரிதான் இருந்தது. சீருடையில் குத்தும் கடிகாரத்தை எடுத்து, நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணி, ஒவ்வோர் உறையிலும் எழுதி ஒட்டினேன்.

அந்த எண்களை வைத்துத்தான் அவர் தட்டுகளை வரிசைப்படுத்துவார். மெதுவானதில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வேகம் ஏற்றி... ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்ததன் வேகத்தைச் சரிசெய்து, இரண்டையும் ஒரே தாளத்தில் ஓடவிட்டு, முந்தையதை மெல்ல நழுவவிடுவார்.

கடற்கரை ஹோட்டல் ஒன்றில் ஞாயிறு பிற்பகல்களுக்கு டிஜே தேடினார்கள். துறைமுக வேலையை விட்டு வெளியேற அவருக்கு இருந்த ஒரே வழி அது. ஒரு ஞாயிறு வாசித்துக் காட்டச் சொன்னார்கள். அந்த வாரம் வார்டில் எனக்கு ஓயாத வேலை. கடைசித் தட்டைப் பதினைந்து விநாடி மட்டும் எண்ணி, நான்கால் பெருக்கி, 96 என்று எழுதிவிட்டேன். எந்த நோயாளிக்கும் நான் அப்படிச் செய்ததில்லை.

அன்று பார்த்து ஹோட்டல் ஹெட்போன் வேலை செய்யவில்லை. அடுத்த பாட்டை முன்கூட்டிக் கேட்க வழியில்லாமல், என் எண்களை நம்பியே வாசித்தார். அழகாகத்தான் போனது... கடைசித் தட்டு வரும் வரை. இரண்டு டிரம்மும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடின. ஆடியவர்கள் நின்றுவிட்டார்கள்.

"ஊசி தாவிருச்சு பாஸ்," என்றார் மேனேஜரிடம். வேலை வேறொருவருக்குப் போனது.

அன்று திரும்பும் வழியில் காரில், "என் கைதான் சொதப்பிருச்சு மிஸ்ஸி," என்றார்.

"நான் எண்ணுனா தப்பாது," என்றேன்.

"அது எனக்குத் தெரியாதா?" சிரித்தார்.

ஓய்வு பெறும் வரை துறைமுகத்திலேயே இருந்தார். அவர் போய் ஆறு வருடங்கள் ஆகின்றன.

போன வாரம் என் மகள் அந்தத் தட்டுகளையெல்லாம் கணினியில் ஏற்றினாள். இப்போது பாட்டு தொடங்கியதுமே திரையில் எண் வந்துவிடுகிறது. யாரும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

"ம்மா, இது தொண்ணூத்தி மூணு காட்டுது. நீங்க தொண்ணூத்தாறுன்னு எழுதிருக்கீங்க. கீழ அப்பா ஏதோ..."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். நான் மையில் எழுதியதை அடிக்காமல், அதன் கீழே பென்சிலில், மிகச் சிறியதாக, 93. பக்கத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதி.

அன்றே எண்ணிப் பார்த்திருக்கிறார். இத்தனை வருடங்கள்... ஒரு வார்த்தை இல்லை.

மகளிடம் பேனாவும் அடிக்கோலும் கேட்டேன். கான்வென்டில் கற்றபடி, ஒரே நேர்கோட்டில், 96-ஐ நானே அடித்தேன்.