சந்திரனைக் கேட்க அணைத்தவை

என் மகன் கனடாவுக்குத் திரும்பிப் போவதற்கு முந்தின நாள் ஹாலில் ஒரு கேமரா மாட்டினான். அலமாரிக்கு மேலே, ஜன்னலுக்கு நேர் எதிரே, உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளை உருண்டை. அதில் ஒரு நீல விளக்கு. "தெனமும் உங்களப் பாத்துக்கிட்டே இருப்பனுங்கப்பா" என்றான். அவன் அம்மா போய் நான்கு வருடம் ஆகிறது. சேந்தமங்கலத்துக்கு வெளியே, குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி போட்ட காடுகளுக்கு நடுவில் நான் ஒற்றை ஆளாக இருப்பது அவனுக்கு உறுத்தல். கரண்டு போனாலும் கேமரா நிற்கக் கூடாது என்று, அதற்கும் இன்டர்நெட் பெட்டிக்கும் சேர்த்துத் தனியாக ஒரு சின்ன பேட்டரிப் பெட்டியும் வாங்கி வைத்துவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து வீட்டுக்குள்ளும் சட்டை போட ஆரம்பித்தேன். காலையில் காபி டம்ளரோடு கேமராவைப் பார்த்து ஒரு கை ஆட்டுவேன். மதியம் சாப்பாட்டுத் தட்டைக் கொஞ்சம் சாய்த்துக் காட்டுவேன். வெளியாள் யாராவது பார்த்திருந்தால் கிழவனுக்குக் கழன்றுவிட்டது என்றிருப்பார்கள். ஆனால் எனக்கு அது வேண்டியிருந்தது. கனடாவில் ஒருவன் பார்க்கிறான் என்ற நினைப்பில்தான் நாளை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மீதி நேரத்துக்கு ஹாம் ரேடியோ என்கிற அமெச்சூர் வானொலி இருந்தது. திருச்செங்கோட்டில் ஒரு பொறியியல் கல்லூரியின் மின்னணு ஆய்வகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு ஒரு விபரீத ஆசை வந்தது: சந்திரனில் பட்டுத் திரும்பும் ரேடியோ அலையைப் பிடிக்க வேண்டும். உலகத்தின் ஏதோ மூலையில் ஒருவர் சந்திரனைப் பார்த்து அலையை அனுப்புவார். அது போய்த் திரும்ப இரண்டரை விநாடி. திரும்பி வருவதில் உயிரே இருக்காது. காதுக்கு எட்டாது. கம்ப்யூட்டர்தான் ஒவ்வொரு நிமிடமும் வந்ததைச் சலித்து, ஏதாவது தேறினால் ஒரு வரி எழுத்தாகக் காட்டும். பதில் அனுப்பும் கருவி என்னிடம் கிடையாது. கேட்பதோடு சரி.

மாடியில் அலுமினியக் குழாய்களால் நானே நான்கு ஆன்டெனா செய்து நிறுத்தினேன். ரிசீவரும் பழைய கம்ப்யூட்டரும் மாடித் தகர அறையில். பிற்பகல் மூன்று மணிக்கு அந்த அறையில் உட்கார்ந்தால் மனிதன் வெந்துவிடுவான். அதனால் மேலே வாங்குவதை நெட்வொர்க் வழியாகக் கீழே ஹாலில் இருக்கும் லேப்டாப்புக்கு அனுப்பி, அங்கே சலிப்பதாக ஏற்பாடு.

ஏற்பாடு என்று சொல்வது சுலபம். இரண்டு கம்ப்யூட்டரும் பங்காளிகள் மாதிரி ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேச மறுத்தன. வைஃபையில் அனுப்பினால் பாதி வழியில் சிந்தியது. படிக்கட்டு வழியாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நேராகக் கேபிள் இழுத்தேன். லேப்டாப்பின் பாதுகாப்பு மென்பொருள் மேலிருந்து வருவதைத் திருடன் என்று நினைத்து வாசலிலேயே நிறுத்தியது. அதற்கு அனுமதி கொடுத்தேன். ஒவ்வொரு முறை கரண்டு போய் வந்தபோதும் மேல் கம்ப்யூட்டரின் முகவரி எண் மாறியது, கீழே இருப்பது பழைய எண்ணிலேயே காத்துக் கிடந்தது. கடைசியில் இரண்டுக்கும் மாறாத எண் போட்டுக் கட்டிவைத்தேன். இதிலேயே மூன்று வாரம் போனது.

பிறகு வளர்பிறை வந்தது. மாலையில் சந்திரன் கிழக்கே நல்ல உயரத்தில் நின்றது. ஆன்டெனாவைத் திருப்பினால், லேப்டாப் திரை முழுக்க சம இடைவெளி விட்டு மஞ்சள் கோடுகள். சந்திரனிலிருந்து வருவது இப்படிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நிற்காது. பக்கத்தில் ஏதோ ஒரு மின்கருவி இரைச்சல் போடுகிறது என்று புரிந்தது. வீட்டின் மெயின் சுவிட்சை இறக்கினேன். மாடிக் கருவிகளை லாரி பேட்டரியில் ஓட்டினேன். கோடுகள் அப்படியே இருந்தன. வீட்டில் இல்லை, வெளியில்தான் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன்.

வெளியில் என்றால் காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கோழிப் பண்ணைதான். ஷெட் முழுக்க எல்இடி பல்பு. ஒரு சாயங்காலம் நேரே போனேன். பண்ணையைப் பார்த்துக்கொள்வது ஐம்பது வயதுப் பெண்மணி. அதுவரை அவரிடம் முட்டை வாங்கியதைத் தவிர நான் பேசியதில்லை.

"அம்மணி, ஒரு பத்து நிமிசம் வெளக்கெல்லாம் அணைக்க முடியுங்களா? சந்திரன்ல இருந்து ஒரு சத்தம் வருது. உங்க பல்பு அத மறைக்குதுன்னு நெனைக்கறன்."

அவர் கையிலிருந்த தீவனச் சட்டியைக் கீழே வைத்தார். "ஏனுங்க சார், நெலாவுக்கும் எங்க கோழிக்கும் என்னங்க?"

சிரிக்காமல்தான் கேட்டார். ஆனாலும் அணைத்தார். ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து பார்த்தேன். கோடுகள் கொஞ்சமும் அசையவில்லை. திரும்பிப் போய் அசட்டுச் சிரிப்போடு நன்றி சொன்னபோது அவர் சொன்னார்: "உங்க ஊட்டுலயே ஏதோ ஓடுதுங்க. கரண்டு போனா இந்தப் பக்கமே இருட்டாக் கெடக்கும். உங்க ஜன்னல்ல மட்டும் ஒரு நீல வெளக்கு எரியும். இங்கிருந்து தெனமும் பாக்கறனுங்களே."

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. "முதலில் உன் மேஜையைப் பார்" என்று முப்பது வருடம் மாணவர்களைத் திட்டியவன் நான். மெயின் சுவிட்சை இறக்கினாலும் நிற்காத ஒன்று என் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது. மகன் வைத்ததாயிற்றே, அதைச் சந்தேகிக்க மனம் வரவில்லை.

மறுநாள் மாலை கேமரா, இன்டர்நெட் பெட்டி, பேட்டரிப் பெட்டி மூன்றையும் பிடுங்கினேன். கோடுகள் மறைந்து திரை கறுப்பானது. ஆனால் எழுத்து ஒன்றும் வரவில்லை. அப்புறம்தான் லேப்டாப்பின் நேரத்தைப் பார்த்தேன், நான்கு விநாடி பின்தங்கியிருந்தது. இந்த வேலையில் ஒரு விநாடி தப்பினாலும் நிமிடம் முழுவதும் வீண். ஹால் சுவர்க் கடிகாரம் எப்போதும் ஐந்து நிமிடம் முன்னால் ஓடும். பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்று என் மனைவி வைத்தது. நான் மாற்றவில்லை. செல்போனைப் பார்த்து லேப்டாப் நேரத்தைச் சரிசெய்தேன்.

ஆறே முக்காலுக்கு ஒரு வரி வந்தது. ஜப்பானிலிருந்து யாரோ. பொது அழைப்பு: யார் இருந்தாலும் பதில் சொல்லுங்கள் என்று பொருள். அடுத்தடுத்த முறைகளிலும் அதே வரி. நான் எழுந்து நின்றுவிட்டேன். இருக்கிறேன், கேட்கிறேன் என்று எப்படிச் சொல்வது? உடனே பழக்கதோஷத்தில் கேமரா பக்கம் திரும்பி, லேப்டாப்பைத் தூக்கிக் காட்டினேன். அதில் விளக்கு இல்லை. ஒரு நொடி முட்டாள் மாதிரி அப்படியே நின்றேன்.

அன்று அதைத் திரும்ப மாட்டவில்லை. சந்திரனுக்காகத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. அவன் எவ்வளவு நேரத்தில் பதறிப் போன் செய்கிறான் என்று பார்க்க ஆசை. காலையில் கூப்பிடுவான் என்று நினைத்து, "சும்மா ஒரு சோதனைப்பா" என்று பதிலைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். செல்போனைக் குளியலறை வரை எடுத்துப் போனேன். ஒரு நாள் போயிற்று. இரண்டு, மூன்று. மாலைதோறும் லேப்டாப்பில் நாலைந்து நாட்டுக்காரர்கள் வந்தார்கள். செல்போனில் கடன் வேண்டுமா என்று கேட்டவர்கள் மட்டும் வந்தார்கள். நான்காம் நாள் சட்டை போடுவதை விட்டேன்.

ஐந்தாம் நாள் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். பண்ணைப் பெண்மணி. அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு போனேன்.

"நாலஞ்சு நாளா அந்த நீல வெளக்கக் காணமுங்களே சார். ஒடம்புக்கு ஏதாச்சுமுங்களா?"

"ஒண்ணுமில்லீங்க. நாந்தான் அணைச்சு வெச்சேன்."

"அப்பச் சரிங்க. வாரேன்" என்று போய்விட்டார். உட்காரக்கூட இல்லை. கதவைச் சாத்திவிட்டுத்தான் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்கு மகன் கூப்பிட்டான். குளிர், அலுவலகம், மாத்திரை எல்லாம் பேசினோம். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். வாய் நிற்கவில்லை.

"கேமரா நல்லாத் தெரியுதாப்பா?"

"தெரியுதுங்கப்பா. நேத்துக்கூடப் பாத்தனே. ஹால்ல உக்காந்து ஏதோ படிச்சுக்கிட்டிருந்தீங்க."

கேமரா எனக்குப் பக்கத்தில், ஒயர் சுற்றி, மேஜைமேல் கிடந்தது. கோபம் வந்தது. அது நிற்கவில்லை, வடிந்துவிட்டது.

"ஆமாப்பா" என்றேன்.

"சாப்ட்டீங்களாப்பா?"

"ஆச்சு. கீரையும் ரசமும் வெச்சேன்."

மதியம் நான் தின்றது இரண்டு வாழைப்பழம். பொய் சொல்வதில் அவன் என் மகன்தான்.

பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள் அது. சந்திரன் வர நேரமாகும். பொழுது சாய்ந்ததும் கேமராவை அலமாரிமேல் வைத்து மாட்டினேன். நீல விளக்கு எரிந்தது. பிறகு ஜன்னல் திரையை முழுக்க ஒதுக்கிவிட்டு, கோழிப் பண்ணையிலிருந்து பார்த்தால் தெரிகிறதா என்று காட்டு வழியே பாதி தூரம் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.