ஆறுதலாக வாருங்கள்

மதுரைக்கு வந்து இத்தனை காலமாகியும் வாயைத் திறந்தால் நான் அக்கரைக்காரிதான். போன மாதம் வாத்தியாரான என் கணவரை டொக்டரிடம் கூட்டிப்போய், "இவருக்கு வருத்தம்" என்றேன். நம்ம யாழ்ப்பாணத்து டொக்டர் என்றால் உடனே நாடியைப் பிடித்திருப்பார். மதுரை டொக்டரோ மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்னம்மா வருத்தம்? பள்ளிக்கூடத்துல யாரும் மனசு நோகப் பேசிட்டாகளா?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் வருத்தம் என்றால் நோய் என்று என் கணவர்தான் சிரித்துக்கொண்டே விளக்கினார்.

அந்தச் சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. டொக்டர் இவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். பாதரசம் ஏறியதைப் பார்த்துவிட்டு மறுபடியும் அடித்தார். "சாருக்கு ரத்தக் கொதிப்பு எக்கச்சக்கமா இருக்கு. ரத்தக் கொழாயெல்லாம் உள்ளுக்குள்ள தடிச்சுப்போயிருக்கும். நெஞ்சு ரொம்பக் கஷ்டப்படுது. உப்பைக் கொறைங்க, படுத்துக் கெடங்க. திடுக்குன்னு எதையும் கேக்கக் கூடாது." மருந்தென்று கொடுத்தது, தூங்குவதற்கு ஒரு பொட்டலம் மட்டுந்தான்.

இவர் சோழவந்தான்காரர். நம்மூரில் கணக்கு வாத்தியாராக இருந்தபோது என்னைக் கட்டினார். கல்யாணமான புதிதில் அம்மா பனங்கிழங்கு மாவில் காய்ச்சி வார்த்த ஒடியற்கூழை மூக்கு வியர்க்கக் குடித்து, "இம்புட்டுக் காரமா?" என்று கேட்டுக்கொண்டே பனையோலைப் பிளாவை மறுபடியும் நீட்டியவர். கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கியபோது அந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இவருக்கு ஏதும் ஆகிவிட்டால் இந்த ஊரில் நான் யார்? உப்பில்லாத குழம்பைக் கிண்டியபடி அதையே நினைத்து நினைத்துப் பயந்தேன்.

இவருடைய அக்காவுக்குத் தகவல் சொல்ல வேண்டும். மதினி என்று கூப்பிடுவேன். மரியாதைதான் உண்டு, நெருக்கம் அவ்வளவு இல்லை. சோழவந்தானிலிருந்து சந்தைக்கு வெற்றிலை கொண்டுவரும் மாயாண்டி அண்ணனிடம் சொல்லியனுப்பினேன். 'வருத்தம்' என்ற சொல்லைக் கவனமாகத் தவிர்த்தேன். "அவருக்கு நெஞ்சில வந்திட்டுது, அண்ணே. மதினி விழுந்தடிச்சு ஓடிவர வேண்டாம். எல்லாரையும் ஆறுதலா வரச்சொல்லுங்கோ." அவர் தோள்துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எவ்வளவு இளகிய மனசு என்று நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் தெருமுனையில் ஒப்பாரி கேட்டது. எட்டிப் பார்த்தால், தலையை விரித்துப் போட்டுக்கொண்டு மதினி முன்னால் வருகிறார், பின்னால் சொந்தபந்தங்கள், ஒருவர் கையில் மாலை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நமக்கு ஆறுதலாக வருவதென்றால் அவசரப்படாமல் வருவது. இங்கே ஆறுதலுக்கு வருவது செத்த வீட்டுக்கு.

திடுக்கென்று எதையும் கேட்கக் கூடாதவர் உள்ளே கண்ணயர்ந்திருந்தார். கதவைச் சாத்திக்கொண்டு வாசலில் நின்றேன். மதினி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ராகம் போட்டார். "ஏ தம்பீ... கடல் தாண்டி வந்த புள்ளையத் தனியா விட்டுட்டுப் போயிட்டியே... இனி அவளுக்கு நாந்தானடா ஆத்தா..." இவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்ல வேண்டிய நான், அதைக் கேட்டதும் உடைந்து அழுதுவிட்டேன்.

பின்னால் கதவு திறந்தது. "என்னக்கா, யாரு போயிட்டா?"

நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றி நரம்பு துடித்தது. மாலைக்காரர் மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். "பாவிப்பயலே, உசுரோடயா இருக்க!" என்று மதினி அவர் கன்னத்தில் ஓர் அடி போட்டு, அதே கன்னத்தைத் தடவினார். விஷயம் புரிந்ததும் இவர், "கொஞ்சம் இரு அக்கா, ஒக்காந்துக்கிறேன்" என்று மெல்ல உட்கார்ந்து, மெல்லவே சிரித்தார். நெஞ்சு அன்றைக்குத் தாங்கியது.

வந்தவர்கள் எல்லோரும் உப்பில்லாச் சாப்பாட்டை முகம் சுளிக்காமல் சாப்பிட்டார்கள். சாயங்காலம் புறப்படும்போது மதினி என்னைத் தனியே இழுத்தார்.

"ஏ புள்ள, நீ அழுதியே, அது உங்க ஊரு ராகமா? ஒண்ணும் வெளங்கல. அத உங்க ஆத்தாளுக்கு வச்சுக்க. நான் போனா எங்க ஊரு ராகத்துலதான் அழணும், ஆமா."

"சரி மதினி" என்றேன்.

இவருக்கு எந்த ஊர் ராகம் என்று மதினியும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.