சுண்ணாம்புப் பொட்டு வைத்த மோட்டார் சைக்கிள்

யுத்தம் முடிந்த மறு வருஷம். கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு கிராமத்தில் நானும் என் வீட்டுக்காரரும் குடியிருந்தோம். அவருக்கு ஊர் ஊராகப் போய் அம்மை குத்தும் உத்தியோகம். எனக்கு, மறைப்பானேன், கண்டவர்களையெல்லாம் சந்தேகப்படும் உத்தியோகம். பால்காரி கண்ணெதிரிலேயே பாலை விரலில் தொட்டுச் சொட்டவிட்டுப் பார்ப்பேன்.

அந்த வருஷம் மலையிலிருந்து இறங்கும்போது அவர் வழுக்கி விழுந்து, வலது முட்டி மடங்காமல் போய்விட்டது. சுற்ற முடியாதவருக்கு இந்த வேலை எதற்கு என்று மேலதிகாரி கேட்டுவிட்டார். மாதக் கடைசிக்குள் வண்டிக்கு வழி பண்ணாவிட்டால் வேலை போய்விடும். சைக்கிள் மிதிக்க முடியாது. மோட்டார் சைக்கிள்தான் கதி.

விலைக்கு இரண்டு வந்தன. ஒன்று சேலத்துத் தரகர் கொண்டு வந்தது. அதிகம் ஓடாத பட்டாளத்து வண்டி, கம்பெனியில் செய்தது செய்தபடி பளபளவென்று இருந்தது. மற்றது கொல்லிமலை மேலே உள்ள குண்டூர் நாட்டு மலைக்காரர் ஒருவருடையது. அவர் பட்டாளத்தில் வண்டி ரிப்பேர் பார்த்தவர். அவருக்கும் வலது காலில் காயம். அதனால் ஒரு பழைய வண்டியை வாங்கி, காலால் மிதிக்கும் பிரேக்கைக் கைக்கு மாற்றி, தன் இஷ்டத்துக்கு ஏதேதோ வளைத்துக் கட்டியிருந்தார். இனி மலையிலேயே இருந்து வெள்ளாமை பார்க்கப் போவதாகவும், மேலே ரோடு இல்லாததால் விற்பதாகவும் சொன்னார். என் வீட்டுக்காரருக்கு அதன் மேல்தான் கண். எனக்கோ நம்பிக்கையில்லை. நல்ல வண்டியை எவனாவது விற்பானா?

ஒரு சந்தை நாள் காலையில், ஓட்டிப் பார்க்கட்டும் என்று அந்த மலைக்காரர் வண்டியை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். என் வீட்டுக்காரர் வெளியே போயிருந்தார். மலைக்காரர் வண்டியைச் சுற்றிக் குந்திக் குந்தி என்னவோ செய்தார்.

"ஐயா வந்தா வண்டியச் சுத்திப் பாக்கச் சொல்லுங்க அம்மிணி. பாத்தா அவருக்கே தெரியுமுங்க" என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டார்.

போய்ப் பார்த்தால், வண்டியில் அங்கங்கே ஐந்து சுண்ணாம்புப் பொட்டு! நான் திருச்சிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். மலைக்காரர்கள் மந்திரம் வைப்பார்கள் என்று யார் யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். வண்டியை நம் தலையில் கட்ட வசியம் பண்ணிவிட்டான் என்றே முடிவு கட்டினேன். புளியும் சாம்பலும் போட்டு ஐந்தையும் தேய்த்துக் கழுவினேன். சொன்னால் சிரிப்பார் என்று வீட்டுக்காரரிடம் மூச்சுவிடவில்லை. சுற்றிப் பார்க்கச் சொன்னதையும் சேர்த்து விழுங்கிவிட்டேன்.

மறுநாள் அவர் ஓட்டிப் பார்க்கப் போனார். இறக்கத்தில் பிரேக் கம்பி அறுந்து, வண்டி சோளக் கொல்லைக்குள் பாய்ந்து கவிழ்ந்தது. நெற்றியிலும் முழங்கையிலும் ரத்தத்தோடு தூக்கி வந்தார்கள். பத்தடி தள்ளிக் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருந்தது என்று சொன்னபோது எனக்கு உயிரே போய்விட்டது. மலைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று தெருவுக்கே கேட்கும்படி ஏசினேன். தரகர் கொண்டு வந்த வண்டியே போதும் என்று அவருக்கும் சொல்லி அனுப்பினோம்.

அடுத்த சந்தை நாளில் மலைக்காரரும், தன் வண்டியோடு தரகரும் வந்தார்கள். மலைக்காரரைக் கண்டதும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, குந்திப் பார்த்து, நிமிர்ந்தார்.

"சுண்ணாம்பு வெச்சிருந்தனுங்களே அம்மிணி. எங்கீங்க?"

என்ன சுண்ணாம்பு என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"தேஞ்ச எடம் அஞ்சுங்க. பிரேக் கம்பிக்குத்தானுங்க மொதல்ல வெச்சேன்."

அந்த மலைக்காரர்கள் பலாப்பழம் விற்க வந்தால், அழுகல் இருக்கும் இடத்தில் சுண்ணாம்புப் பொட்டு வைத்துத்தான் இறக்குவார்களாம். வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மாதாமாதம் மலை ஏறும் என் வீட்டுக்காரருக்கு அது நன்றாகத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் ஏசியதைக் கேட்ட அதே தெருவின் முன்னால், நான்தான் கழுவினேன் என்று சொன்னேன். வெட்கத்தில் உடம்பே கூசியது.

மலைக்காரர் கோபப்படவில்லை. ஐயாவுக்குக் காயம் ஆறிவிட்டதா என்று மட்டும் கேட்டார். தரகரின் வண்டியிலும் பழுது எங்கே என்று பார்த்துப் பொட்டு வைக்கும்படி அவரிடம் சொன்னார் என் வீட்டுக்காரர். மலைக்காரர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"அது அவரு வண்டிங்க. அவருதானுங்க வெக்கோணும்" என்று மடியிலிருந்த சுண்ணாம்பு டப்பியை எடுத்துத் தரகரிடம் நீட்டினார்.

புதுசு போல இருக்கும் வண்டிக்கு ஏது பழுது என்று தரகர் சிரித்தார். டப்பியை அவர் தொடவில்லை. எங்களில் யாரும் சிரிக்கவில்லை.

தேய்ந்த ஐந்தையும் மலைக்காரரே மாற்றிக் கொடுத்த பிறகு, அந்தப் பழைய வண்டியையே வாங்கினோம். வேலை தப்பியது. இன்றும் எனக்கு யார் மீதாவது சந்தேகம் வராமல் இல்லை. ஆனால் உடனே வாய்விட்டுக் கேட்டுவிடுகிறேன். ஒரு வார்த்தை கேட்க மனமில்லாமல் என் தாலிக்கு நானே உலை வைக்கப் பார்த்தேனே, அது போதும் இந்த ஜென்மத்துக்கு.