கடற்கோட்டைச் சவர்க்காரம்

எட்மண்டனிலிருந்து என் வெம்பிளி வீட்டுக்கு வந்த சின்ன வயதுத் தோழி வசந்தி, ஊர் ஹோட்டலில் குளிக்க வைக்கும் சவர்க்காரக் கட்டி ஒன்றைத் தந்தாள். அதில் எலுமிச்சை மணந்தது, எனக்கோ பினாயில் நினைவு வந்தது. ஊர்காவற்றுறைக் கடல் நடுவே உள்ள கோட்டை சிறையாக இருந்தபோது, வசந்தி காவலரான தன் தகப்பனுக்குச் சோறு கொண்டு தினமும் வள்ளத்தில் போய், பாவாடை பினாயில் மணக்கத் திரும்பி வந்து, "உன்ரை அப்பாவைக் கண்டனான்" என்பாள். கைதியின் மகளை வள்ளக்காரர் ஏற்றமாட்டார் என்பதால் நான் கரையிலேயே வயிறெரிய நிற்பேன்.

"இப்ப அது ஹோட்டலெல்லோ, உன்ரை அப்பா இருந்த அறையைத்தான் கேட்டு எடுத்தனான்," என்றாள்.

"யன்னலாலை கரை தெரியுமோ?"

"ஓம், நீ அப்ப நிக்கிற இடம் வடிவாத் தெரியுது."

அப்படியென்றால் அப்பா என்னைப் பார்த்திருக்கிறார். அதையும் அவளே எனக்கு முந்திக் கண்டுவிட்டாள்.