வழுக்கும் கையும் ஓரகத்தியின் புருவமும்

ஊசிக்காரிக்கு உள்ளங்கையில் வியர்ப்பது என்று சொன்னால் அது குறைத்துச் சொல்வது. ஊறும். பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் நனைந்து கிழிந்திருக்கிறது. மருத்துவமனையில் விரல் ரேகை பார்த்து வருகை பதியும் இயந்திரம் இன்றுவரை அவளை ஆளாகவே மதித்ததில்லை, நோட்டில் கையெழுத்துத்தான். அங்கே ரத்தப் பரிசோதனைப் பிரிவில் பத்தொன்பது வருடமாக ஊசி குத்துகிறாள், பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான். கையுறைக்குள் எவ்வளவு ஈரம் இருந்தாலும் ஊசி இம்மி பிசகாது. குத்தியதே தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். அப்பேர்ப்பட்ட கைக்கு ஒரு மட்டை அடங்கவில்லை.

பிக்கிள்பால் என்ற மட்டைப் பந்தாட்டம் ஆட அவளை இழுத்துக்கொண்டு போனதே மூத்த ஓரகத்திதான். ஒரே வீட்டில் மாடியும் கீழுமாக இரண்டு குடும்பங்கள். ஞாயிறு காலையில் ஒரு பழைய கிடங்குக்குள் கோடு போட்டு வலை கட்டி ஆடுவார்கள். மேலே மூன்று மின்விசிறிகள் சுற்றும், காற்று மட்டும் கீழே இறங்காது. ஓரகத்திகள் ஒரே பக்கம் நிற்பதே பெரிய அதிசயம், இதில் ஜெயிக்க வேறு வேண்டுமா என்று கணவன்மார் இருவரும் கேலி பேசினார்கள்.

மட்டை வழுக்கியதால் ஒருநாள் ஊசிக்காரி தன் புத்தியைக் காட்டினாள். பரிசோதனைக் கூடத்துக் கையுறையை மாட்டிக்கொண்டு ஆட வந்தாள். படித்தவள் செய்கிற மடத்தனத்துக்கு மருந்தே கிடையாது. பத்து நிமிடத்தில் உள்ளே குளம் கட்டிவிட்டது. ஓங்கி அடித்தாள். கையுறையும் மட்டையும் ஒன்றாகக் கழன்று பறந்து, இடப்பக்கம் நின்ற மூத்தவளின் புருவத்தைப் பிளந்தன. மூன்று தையல்.

மூத்தவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. காயம் ஆறி ஆட வந்தபோது வேறொருத்தியோடு ஜோடி சேர்ந்துகொண்டாள். கேட்டதற்கு முட்டி வலி என்றாள். முட்டி வலிக்கும் ஜோடி மாற்றுவதற்கும் என்ன சம்பந்தம் என்று ஊசிக்காரி கேட்கவில்லை. வீட்டில் பேச்சுக்கும் சிரிப்புக்கும் குறைவில்லைதான். ஆனால் மொட்டைமாடியில் தான் துணி உதறக் கையை ஓங்கினால்கூட, அக்கா என்று அவள் கூப்பிடும் மூத்தவளின் முகம் தானாகத் திரும்பிக்கொள்வதை அவள் பார்த்துவிட்டாள். அது அவள் நெஞ்சை அறுத்தது. அக்கா பயமில்லாமல் தன் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். வேறெதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் அவள் படாத பாடில்லை. கட்டுப்போடும் துணியை மட்டையின் பிடியில் சுற்றிப் பார்த்தாள். அது நனைந்து அவிழ்ந்து வால் மாதிரி தொங்கியது. பவுடர் போட்டாள், பசையானது. கையை மட்டும் துடைத்தால் போதாது, பிடியையும் துடைக்க வேண்டும், முழங்கையிலிருந்து வழிவதைத் தடுக்க மணிக்கட்டில் பட்டை வேண்டும், பிடியில் சுற்றிய நாடாவை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் கண்டுபிடித்தாள்.

அப்படியும் வழுக்கியது. ஒருநாள் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் ஊசியைக் கண்டதும் முஷ்டியை இறுக்கினார். இறுக்க இறுக்க அவர் கை நனைந்தது. கையைத் தளர விடுங்கள் என்றாள். ஒரு நாளைக்கு அறுபது தடவை சொல்கிற பேச்சு, அன்றுதான் அவள் காதிலேயே விழுந்தது. மட்டையின் கழுத்தை நெரிப்பதும் அதனாலேயே இன்னும் வியர்ப்பதும் தான்தானே! பந்து படுகிற நொடியில் மட்டும் இறுக்கி, மற்ற நேரம் தளர்த்திப் பிடிக்கப் பழகினாள். கிடங்குச் சுவரோடு தனியாக, நான்கு மாதம். நாற்பத்தேழு வயதில் இந்த வைராக்கியம் லேசுப்பட்டதல்ல.

பிறகு ஒரு ஞாயிறு, மூத்தவளின் ஜோடி வரவில்லை. வேறு வழியில்லாமல் இருவரும் சேர்ந்து நின்றார்கள். மூத்தவள் இடது ஓரக் கோட்டை விட்டு நகரவில்லை. ஊசிக்காரி துடைத்தாள், தளர்த்தினாள், அடித்தாள். மட்டை சொன்னபடி கேட்டது. பத்துக்கு ஒன்பது, சர்வீஸும் இவர்களுடையது. இன்னும் ஒரே புள்ளி எடுத்தால் ஜெயம். ஆட்ட மும்முரத்தில் மூத்தவள் தன்னை மறந்து நடுவுக்கு வந்துவிட்டாள். எதிர்ப்பக்கத்திலிருந்து பந்து உயரமாக, மெதுவாக, அடி என்று கெஞ்சுவது போல வந்தது.

ஊசிக்காரி மட்டையை ஓங்கினாள். பிடி உள்ளங்கைக்குள் லேசாகத் திரும்பியது. அவள் மட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பந்து இருவருக்கும் நடுவே விழுந்து போனது. சர்வீஸ் போயிற்று, அடுத்த மூன்று புள்ளிகளும் எதிரணிக்கே போயின, ஆட்டமும் போயிற்று.

கைக்குழந்தைகூட அடித்திருக்கும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மூத்தவள் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அடிக்கல?"

"கை வழுக்கிச்சுக்கா. நீங்க பக்கத்துல இருந்தீங்க."

மூத்தவள் தண்ணீர் குடித்தாள். அடுத்த ஆட்டத்துக்கு அதுவரை வராதிருந்த அவளுடைய ஜோடி மூச்சிரைக்க வந்து சேர்ந்து, மட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"நீ உக்காரு," என்றாள் மூத்தவள். "நான் இவகூடவே ஆடுறேன். அடிக்கக் கூடாதுன்னா இவ அடிக்க மாட்டா."