திமிங்கிலத்தைப் பார்த்த அத்தான்

எண்பதுகளில் ஒரு ஜூன் மாதம், அக்காவும் அத்தானும் என்னை ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே அது குளிர்காலம். கரையோரமாகத் திமிங்கிலங்கள் போகும் என்று கேள்விப்பட்டதிலிருந்து அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. அவர்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸில் பாதிப் பேரிடம் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினார்.

கடலோரப் பாறை மேட்டில் காற்று காதை அறுத்தது. மற்றவர்கள் பேசாமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் மட்டும் எங்களைக் கடலுக்கு முதுகு காட்டி நிற்கவைத்துவிட்டு, குனிந்து கேமராவைத் திருகிக்கொண்டிருந்தார். திடீரென்று கூட்டம் கூவியது. நான் திரும்பினேன்.

"திரும்பாதே லா! படம் கெட்டுடும்!"

கரிய வால் ஒன்று நீர் சொட்ட உயர்ந்து, மெல்ல அமிழ்ந்தது. அக்கா அசையாமல் சிரித்தபடி நின்றாள். அத்தான் நிமிர்ந்தபோது வெறும் கடல்தான் இருந்தது.

ஊர் திரும்பியதும் வீட்டில் விருந்து வைத்தார். "நம்ம வீடு சைஸுக்கு இருந்துச்சு! கண்ணு முன்னாலயே குதிச்சுச்சு!" என்றார். அக்கா தலையாட்டினாள்.

"படம் எங்கே?" என்றார் நண்பர் ஒருவர்.

"அது போற வேகத்துக்கு எந்த கேமராவும் பிடிக்காது, பாஸ்!"

வந்திருந்த படித்த கூட்டம் வாயைப் பிளந்து கேட்டது. நான் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுக் என் ஊரான கிள்ளானுக்குப் பஸ் பிடிக்கக் கிளம்பினேன்.